நகச்சுற்றும் உருளைக்கிழங்கு மசாலும்

நான் நகராட்சியில் துப்புரவு ஆய்வாளராகவும் உணவு ஆய்வாளராகவும் இருந்தவன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உங்க சர்வீஸ்ல எத்தனை ஓட்டலுக்கு சீல் வெச்சிருப்பீங்க சார்?"

விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பேன். கேட்டவர் முகம் வாடிவிடும். டி.வி.யில் வருவதுபோல, கிலோ கணக்கில் கெட்டுப்போன கோழியைக் குழியில் கொட்டி மேலே கிருமிநாசினி ஊற்றிய கதை ஒன்றாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அப்படிப்பட்ட நாட்களும் இருந்தன. ஆனால் ஓட்டல் சாப்பாட்டால் ஜனங்களுக்கு உடம்புக்கு வருவது பெரும்பாலும் அப்படி அல்ல. அதைத்தான் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அன்றைய சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கையில் இருந்தது 1954-ம் வருட உணவுக் கலப்படத் தடைச் சட்டம். பெயரிலேயே இருக்கிறது, அதன் கண் முழுக்கக் கலப்படத்தின் மேல்தான். பாலில் தண்ணீர், மிளகாய்த்தூளில் சாயம், துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு, லட்டில் மெட்டானில் மஞ்சள். வியாபாரி ஏமாற்றுகிறான், அவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்து என்பதுதான் அதன் அடிப்படை. தண்டனையும் சாமான்யமானது அல்ல. நிரூபணமானால் பொதுவாகக் குறைந்தது 6 மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும்.

தண்டனை பெரிது என்பதால் நடைமுறையும் பெரிது. சாம்பிள் எடுக்கிறேன் என்று கடைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எடுத்த பொருளுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அவர் கண் எதிரிலேயே மூன்று பங்காகப் பிரித்து, மூன்று சுத்தமான பாட்டிலில் போட்டு, காகிதம் சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு அரசுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். மற்ற இரண்டும் சுகாதார அதிகாரியிடம் இருக்கும். பின்னால் கடைக்காரர் விரும்பினால் அதில் ஒன்றை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம். இத்தனைக்கும் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். அதுதான் பெரும்பாடு. அரக்கு டப்பாவைத் திறந்தவுடனே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் நான் வரும் செய்தி எனக்கு முன்னால் போயிருக்கும். காலையில் கலர் கலராக இருந்த கேசரியும் ஜிலேபியும் வெளுத்துப்போயிருக்கும்.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. விஷச் சாயத்தையும் கேசரிப் பருப்பையும் எதிர்த்து நிற்க அந்த அரக்கும் நூலும் தேவையாகத்தான் இருந்தன. ஆனால் ஓட்டல் சமையல்கட்டில் நடப்பது வேறு. அங்கே முதலாளி யாரையும் ஏமாற்ற நினைக்காமலேயே இருபது பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட முடியும். அது எனக்கு நேரடியாகத் தெரிந்தது 1993 ஏப்ரலில்.

அப்போது நான் காவிரிக் கரையில் ஒரு சின்ன நகராட்சியில் வேலை பார்த்தேன். பரீட்சை விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. வெளியூர் ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்து தங்கியிருந்தார்கள். காலை டிபனுக்குப் பலரும் போவது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சைவ ஓட்டலுக்கு. நல்ல பெயர் உள்ள ஓட்டல். முதலாளி அரிசி, பருப்பு, எண்ணெய் எதிலும் கஞ்சத்தனம் பார்க்காதவர்.

ஒரு நாள் காலை பதினொன்றரை மணி இருக்கும். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னார். வாத்தியார்கள் வரிசையாக வந்து விழுகிறார்களாம், வாந்தி, வயிற்று வலியாம். நானும் எங்கள் நகர்நல அலுவலரும் ஓடினோம். வராந்தாவில் பாய் போட்டு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை நோய் இருந்த ஒரு தலைமை ஆசிரியர் ரொம்பவும் துவண்டு கிடந்தார். அவருடைய மனைவிக்கு எப்படித் தகவல் சொல்வது என்று கூட இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது. (அவர் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கவலை வேண்டாம்.)

எங்கள் டாக்டர் நிதானமானவர். "ஓட்டலுக்கு அப்புறம் போகலாம். முதல்ல ஒரு பேப்பர் எடுங்க. யார் என்ன சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு வாந்தி. நல்லா இருக்கறவங்களையும் விடாம கேளுங்க" என்றார்.

அன்று அங்கே சாப்பிட்ட ஆசிரியர்கள் 40 பேர். அவர்களில் பூரியோ மசால் தோசையோ சாப்பிட்டவர்கள் 26 பேர். இந்த 26 பேரில் 21 பேருக்கு வாந்தி. இட்லி, பொங்கல், சாதா தோசை சாப்பிட்டவர்கள் 14 பேர். அதில் ஒரே ஒருவருக்குத்தான் வாந்தி. அவரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். கொஞ்சம் வெட்கத்தோடு, "பக்கத்து இலையிலேர்ந்து ரெண்டு வாய் பூரிக் கிழங்கு எடுத்துக்கிட்டேன் சார்" என்றார்.

சட்னியையும் தண்ணீரையும் எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள். அதனால் சந்தேகம் உருளைக்கிழங்கு மசால் மேல் விழுந்தது. சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி. யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி காய்ச்சல் இல்லை. டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது வயித்துக்குள்ள போய் வளர்ந்த கிருமி இல்லை. சாப்பாட்டுலயே நஞ்சு தயாரா இருந்திருக்கு. ஸ்டஃபைலோகாக்கஸா இருக்கும். போய் எல்லார் கையையும் பாருங்க."

படிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஸ்டஃபைலோகாக்கஸ் என்பது நம் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமி. சீழ் வைத்த புண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும். புண் உள்ள கை சமைத்த பண்டத்தில் பட்டு, அந்தப் பண்டம் சூடாகவும் இல்லாமல் குளிர்ச்சியாகவும் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாட்டை நீண்ட நேரம் வைக்காதே என்று சொல்வது இதனால்தான். மறுபடி அடுப்பில் ஏற்றினால் கிருமி சாகும், ஆனால் அந்த நஞ்சு சூட்டுக்கு அவ்வளவு எளிதில் அழியாது. வாசனை மாறாது, ருசி மாறாது. நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டலுக்குப் போனபோது மீதி மசால் சாக்கடைக்குப் போய்விட்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்டதும் முதலாளி கொட்டச் சொல்லிவிட்டார். சமையல்கட்டில் விசாரித்தேன். முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் கிழங்கை அவித்து, கையால் தோலுரித்து, பெரிய அண்டாவில் குவித்து மூடி வைத்திருக்கிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்குத் தாளித்துக் கிழங்கைக் கொட்டிக் கிளறி இறக்கிவிட்டார்கள். ஏப்ரல் மாத வெயிலில், ஓட்டு மேய்ந்த சமையல்கட்டில், ஒன்பது மணி நேரம் அது கிடந்திருக்கிறது.

"யார் தோலுரிச்சது?" என்றேன். ஒருவரும் பேசவில்லை. மூலையில் தோளில் துண்டோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார்.

"கையைக் காட்டுங்க பெரியவரே."

ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. மஞ்சள் அரைத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தார். விரல் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"இந்தக் கையோடயா கிழங்கு உரிச்சீங்க?"

"நாலு நாளா வலி சார். ராத்திரி தூக்கமில்லே. நின்னுட்டா ஒரு நாளைக்கு அம்பது ரூபா போச்சே சார். முதலாளிக்குத் தெரிஞ்சா வேற ஆளை வெச்சிடுவாரு."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? 1939-ம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டத்தில் தொற்று நோய் உள்ளவர் உணவைக் கையாளக் கூடாது என்று இருக்கிறது. நகராட்சி லைசென்ஸ் நிபந்தனைகளிலும் தொழிலாளர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஓட்டலின் ஃபைலில் அத்தனை பேருக்கும் சர்டிபிகேட் இருந்தது, அவருக்கும் சேர்த்து. வருடத்துக்கு ஒரு முறை வாங்கும் காகிதத்துக்கு நாலு நாள் முன்னால் வந்த நகச்சுற்று எப்படித் தெரியும்?

கடமைப்படி எண்ணெய், மஞ்சள் தூள், கடலைப்பருப்பு மூன்றிலும் சாம்பிள் எடுத்து அரக்கு வைத்து அனுப்பினேன். ஆணையர் உத்தரவின் பேரில் ஓட்டல் மூன்று நாள் மூடப்பட்டது. திறப்பதற்கு நிபந்தனைகள் எழுதினோம். கிழங்கு அன்றன்று காலையில்தான் அவிக்க வேண்டும். சமையல்கட்டுக்குள்ளேயே ஒரு குழாயும் சோப்பும் வேண்டும். கையில் புண்ணோ, வயிற்றுப்போக்கோ உள்ளவர் சாப்பாட்டைத் தொடக் கூடாது.

மூன்றாம் நாள் முதலாளி அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "குழாய் போட்டாச்சு சார். அந்த ஆளையும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். இனிமே பிரச்சினையே வராது."

"மத்த ஆளுங்க அதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா சார். எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கட்டும்."

"அடுத்து ஒருத்தருக்குக் கையிலே புண் வருதுன்னு வெச்சுக்குங்க. உங்ககிட்ட வந்து சொல்லுவாரா, துணியைச் சுத்தி மறைப்பாரா?"

அவர் பதில் சொல்லவில்லை. டாக்டர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அந்தப் பெரியவருக்குப் புண் ஆறும் வரை சம்பளத்தைக் குறைக்காமல் மார்க்கெட் வேலையோ விறகுக் கணக்கோ கொடுங்கள், எல்லார் எதிரிலும் அதைச் சொல்லிக் கொடுங்கள் என்றார். அப்படிக் கட்டாயப்படுத்த எங்களுக்கு எந்தச் சட்டத்திலும் அதிகாரம் கிடையாது. முதலாளிக்கும் அது தெரியும். ஆனால் அவர் வியாபாரி. மூன்று நாள் கல்லா மூடியிருந்த நஷ்டத்தையும் ஒருவருக்குப் பதினைந்து நாள் கூலியையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். எழுநூற்றைம்பது ரூபாய். "சரி சார், வரச் சொல்றேன்" என்று எழுந்து போனார்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பகுப்பாய்வு அறிக்கை வந்தது. எண்ணெய், மஞ்சள், பருப்பு மூன்றும் தரமானவை, கலப்படம் இல்லை. முதலாளி ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "பாத்தீங்களா சார், எங்க மேலே தப்பில்லேன்னு கவர்மெண்டே எழுதிக் கொடுத்துடுச்சு!" பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தச் சட்டம் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். இருபத்திரண்டு பேரைப் படுக்க வைத்த விஷயம் அந்த மூன்று பாட்டிலிலும் இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து அதே ஓட்டலுக்கு வழக்கமான சோதனைக்குப் போனேன். சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் பையன் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பில் கம்பியில் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தான். "என்னடா, பதவி உயர்வா?" என்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சூடு பட்ட கொப்புளம். "முதலாளிகிட்ட காட்டினேன் சார். ரெண்டு நாள் இங்கே உக்காருன்னாரு." அதன் பிறகு நான் அங்கிருந்து மாறுதல் ஆகும் வரை அந்த ஓட்டலிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தச் சமையல்கட்டுக்குப் போனாலும் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம், தண்ணீர்த் தொட்டியில் குளோரின், எலிப் புழுக்கை என்று வழக்கமாகப் பார்ப்பதோடு, முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்துத் தொழிலாளியிடம் ஒரு கேள்வி கேட்பேன். "உடம்பு சரியில்லேன்னா என்ன பண்ணுவே?" அதற்கு வரும் பதில் எந்தப் படிவத்திலும் கிடையாது. ஆனால் அந்த ஓட்டலைப் பற்றி எனக்கு வேண்டியது அதில் இருக்கும்.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் காலம் மாறிவிட்டது. 2006-ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சியின் கையிலிருந்த இந்த வேலை மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போயிற்று. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். சாம்பிள் மூன்று பங்குக்குப் பதில் நாலு பங்கு. பெரிய மாற்றம் என்னவென்றால், சமையல்கட்டின் சுத்தத்துக்கே சட்டத்தில் தனி இடம் கிடைத்தது. சுகாதாரமற்ற முறையில் தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உடனே கோர்ட்டுக்கு இழுக்காமல், குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்துத் திருத்தச் சொல்லும் நோட்டீஸ் உண்டு. கேட்காவிட்டால் லைசென்ஸ் நிறுத்தம். உயிரே போனால் 7 வருடத்துக்குக் குறையாத சிறை. 25 தொழிலாளிகளுக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 1993-ல் எங்கள் டாக்டர் கெஞ்சிக் கூத்தாடிச் செய்ததில் பாதி இப்போது விதியிலேயே இருக்கிறது. காயமோ தொற்றோ உள்ளவரை உணவைத் தொட விடாதே என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது.

மீதிப் பாதிதான் இன்னும் இல்லை. தொட விடாமல் நிறுத்தப்பட்டவரின் அன்றையக் கூலியை யார் கொடுப்பது?

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தைப் பாருங்கள். நம் ஊரில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஓட்டல்கள் அதற்குள் வந்தன. உடம்பு சரியில்லாமல் டாக்டர் சர்டிபிகேட்டோடு லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சட்டத்தில் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இருக்கவில்லை. வயிற்றுப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? இரண்டு நாள், மூன்று நாள். சமையல்கட்டுக்கு ஆபத்தான நாட்கள் எவையோ அவைதான் விட்டுப்போயிருந்தன. பத்துப் பேருக்குக் குறைவான டிபன் கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் அதுவும் இருக்கவில்லை.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். உடனே மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது. நடக்க வேண்டியதுதான். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடையும் வந்தது. அதுவும் சரியே. ஆனால் எனக்கு எப்போதும் தோன்றுவது இதுதான். அதிகாரி ஒரு ஓட்டலுக்கு வருடத்தில் எத்தனை முறை வர முடியும்? ராத்திரி கரண்ட் போய் ஃபிரீஸர் இளகியதும், நேற்றைய கோழி இன்று அடுப்பில் ஏறுவதும் உள்ளே நிற்கும் பையனுக்குத்தான் முதலில் தெரியும். அவன் வாயைத் திறந்தால் பத்து அதிகாரிகளுக்குச் சமம். இன்று அவன் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவனாக இருக்கிறான். ஓட்டல் மாடியிலேயே படுத்துக்கொள்கிறான். வேலை போனால் அன்று ராத்திரி படுக்க இடமும் போகும். நம்முடைய 1993 பெரியவருக்காவது போய்ச் சேர ஒரு வீடு இருந்தது.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? ஓட்டலுக்குப் போனால் ஏ.சி.யையும் மேஜையையும் பார்த்து எடை போடாதீர்கள். வேலை செய்பவர்கள் கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரலில் துணி சுற்றியவர் பரிமாறினால் அவர் மேல் எரிந்து விழாமல், கல்லாவில் இருப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சொல்லும்போது, "அவரை அனுப்பிடாதீங்க, ரெண்டு நாள் வேற வேலை குடுங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சங்கம், யூனியன், வியாபாரிகள் கூட்டம் என்று செல்வாக்குள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த முதல் இரண்டு நாள் விஷயத்தைப் பேசுங்கள். ஓட்டல் முதலாளிகள் சங்கமே ஒரு சின்ன நிதி வைத்து அதைக் கொடுத்துவிடலாம். என் அனுபவத்தில் அது மூன்று நாள் கடை மூடுவதை விட மலிவு.

நான் இப்போதும் சாப்பிட்டு முடித்து எழும்போது பரிமாறிய தம்பியிடம், "லீவு போட்டா சம்பளம் உண்டாப்பா?" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். போன மாதம் கும்பகோணம் போகும் வழியில் ஒரு சின்னக் கடையில், "உண்டு சார், ரெண்டு நாள் குடுப்பாங்க" என்றான் ஒரு பையன். திரும்பி வரும்போதும் அங்கேயே இறங்கிச் சாப்பிட்டேன். பூரிக் கிழங்குதான்.